மணப்பாட்டுக் கடல்நீரும் நம் வீட்டு ஸ்விட்ச் போர்டும்



குலசேகரன்பட்டினத்திலுள்ள என் தங்கை வீட்டில் சில மாதங்களுக்கு முன்பு அயர்ன் பாக்ஸ் பிளக் கருகிவிட்டது. ஜும்ஆவுக்குப் புறப்படும் அவசரத்தில் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மருமகள். சுவரிலிருந்து பிளாஸ்டிக் தீயும் வாடை. பிளக்கைப் பிடுங்கப் போன அவளை உம்மா தடுத்து, ஸ்விட்சை அணைக்கச் சொன்னதால் அல்லாஹ்வின் கிருபையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு வீட்டில் ஒருவருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மச்சான் துபாயில் இருக்கிறார்.

மாலையில் வந்த எலக்ட்ரீசியன் அண்ணாச்சி, சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உப்புக் காத்து சும்மா விடுமா? மணப்பாட்டுல கடலுக்கு நேரா இருக்க வீட்டுலயெல்லாம் இதைவிட மோசம். பின்னைப் பாருங்க, பச்சை பூத்துக் கெடக்கு.”

பச்சை பூத்தால் ஏன் சூடாக வேண்டும்? பத்தாம் வகுப்பில் படிக்கும் மருமகனிடம் கேட்டேன். ஓமின் விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். மின்தடைக்கும் வெப்பத்துக்கும் உள்ள சமன்பாட்டையும் சொன்னான். அந்தச் சமன்பாடுதான் அவன் கண் முன்னால் சுவரில் கருகிக் கிடக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. “மாமா, அது பாடத்துல வர்றதில்லையே” என்றான்.

பிள்ளையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்சாரம் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. ஏழாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் மின்னோட்டவியல் என்று தனிப் பாடமே உண்டு. ஆனால், தன் கையால் ஒரு பல்பை எரியவைத்துப் பார்க்காமலேயே அத்தனையையும் எழுதி மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1997-இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில், பட்டமளிப்பு அங்கி அணிந்து நின்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பட்டதாரிகளிடம் ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரு துண்டு வயர் மூன்றையும் கொடுத்து எரியவைக்கச் சொன்னார்கள். திணறியவர்கள் பலர். உலகமே மதிக்கும் கல்விக்கூடம் அது.

மறுநாள் அஸருக்குப் பிறகு பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனோம். நம் பகுதி மக்களுக்கு மணப்பாட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருமேனியாறு கடலில் கலக்கும் இடம், மணல் குன்று, கலங்கரை விளக்கம், கரையில் வரிசையாக ஃபைபர் படகுகள். விளையாடி முடித்துத் திரும்பும்போது, காலித் தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் கடல்நீரை நிரப்பச் சொன்னேன். “இது எதுக்கு மாமா?” என்று மருமகள் கேட்டாள். “உன் பிளக்கைச் சுட்ட ஆள் இவருதான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விசாரிப்போம்” என்றேன்.

அடுத்த சில நாட்கள் நாங்கள் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த வீட்டிலும் செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: சோதனை முழுவதும் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியிலும் 9 வோல்ட் சதுர பேட்டரியிலும் மட்டுமே. சுவர் சாக்கெட்டின் பக்கம் போகவே கூடாது. பழைய பேட்டரியை உடைத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

ஒரு பல்பு, ஒரு வயர்

முதல் வேலை, அந்த ஆவணப்படத்துச் சோதனையே. டார்ச் பல்பின் அடியிலுள்ள ஈயப் பொட்டைப் பேட்டரியின் மேல்முனையில் வைத்தான் மருமகன். எரியவில்லை. வயரை வைத்துத் தொட்டான். அப்போதும் எரியவில்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் “வருகிறது”, பல்புக்குள் போய் எரிகிறது, அத்தோடு அதன் வேலை முடிந்தது என்பதுதான் அவன் மனதிலிருந்த படம். குழாயிலிருந்து குடத்துக்குத் தண்ணீர் விழுவதைப் போல.

கால் மணி நேரம் கழித்து அவனுடைய லாத்தாதான் கண்டுபிடித்தாள். பல்பின் பொட்டு பேட்டரியின் ஒரு முனையில் உட்கார வேண்டும். பல்பின் பக்கவாட்டு உலோக உறையிலிருந்து வயர் பேட்டரியின் மறுமுனைக்குப் போக வேண்டும். அதாவது பல்புக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்றின் வழியே நுழைந்த மின்னோட்டம் மற்றொன்றின் வழியே வெளியேறி, புறப்பட்ட பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும். சுற்று என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். எந்த இடத்தில் அறுந்தாலும் முழுச் சுற்றும் நின்றுவிடுகிறது.

இதை எழுதினால் இரண்டு வரிதான். கையால் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய சோதனை! பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை தடுமாறும்போது கையிலிருந்து வாங்கிச் செய்து காட்டிவிட்டால், நாம்தான் கற்றுக்கொள்கிறோம். அவன் வேடிக்கை பார்க்கிறான்.

அடுத்து இரண்டு பல்புகள். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் இரண்டும் மங்கலாக எரிந்தன; ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணைந்தது. இது தொடரிணைப்பு. கல்யாண வீட்டு சீரியல் செட்டில் முன்பெல்லாம் ஒரு குட்டி பல்பு போனால் வரிசையே அணைந்துவிடுவது இதனால்தான். ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாகப் பேட்டரியின் இரு முனைகளுக்கும் இணைத்தால், இரண்டும் பிரகாசமாக எரிந்தன; ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரிந்தது. இது பக்க இணைப்பு. நம் வீட்டு வயரிங் இதுதான். ஹாலில் விளக்கை அணைத்தால் அறையில் ஃபேன் நிற்பதில்லை அல்லவா?

தண்ணீர் சாட்சி சொல்கிறது

இனி அந்தப் பாட்டில். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைப்பவை. ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டி.யை 9 வோல்டில் நேரடியாகக் கொடுத்தால் கணத்தில் கெட்டுவிடும். (நாங்கள் ஒன்றைப் பலி கொடுத்த பிறகுதான் மருமகன் நம்பினான்.) சுற்றை ஓரிடத்தில் வெட்டி, இரண்டு செம்புக் கம்பி முனைகளையும் விரற்கடை இடைவெளியில் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் இறக்கினோம்.

பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரில் விளக்கு எரிந்ததாகவே தெரியவில்லை. மணப்பாட்டுக் கடல்நீரில் பளிச்சென்று எரிந்தது. கம்பிகள் ஒன்றையொன்று தொடவில்லை. ஆனாலும் சுற்று மூடிவிட்டது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. உப்பு கரையும்போது சோடியம், குளோரைடு என்ற மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிகிறது. அயனிகள் என்று பாடநூல் சொல்வது இவற்றைத்தான். கம்பியில் எலக்ட்ரான்கள் செய்யும் வேலையைத் தண்ணீருக்குள் இந்த அயனிகள் செய்கின்றன. கடலுக்குப் போகாதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பைக் கரைத்தாலும் போதும்.

விளக்கு எரிவதில்தான் பிள்ளைகளின் கண் இருந்தது. கம்பி முனைகளைப் பாருங்கள் என்றேன். எதிர்முனையில் பொடிப் பொடியாகக் குமிழிகள் எழும்பின, அது ஹைட்ரஜன். நேர்முனையில் குமிழி குறைவு; ஆனால் அதைச் சுற்றித் தண்ணீர் கலங்கியது. சற்று நேரத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் கசடு இறங்கியது. கம்பியை எடுத்துத் துடைத்தபோது அந்த முனை மெலிந்து, பச்சை பூத்திருந்தது.

“மாமா, பிளக் பின்னுல இருந்த அதே பச்சை!” என்றாள் மருமகள்.

நான் காத்திருந்த வாக்கியம் அது.

(ஜன்னலைத் திறந்து வைத்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடாமல் இதைச் செய்யுங்கள். செம்புக் கம்பிக்குப் பதில் பென்சில் கரியைப் பயன்படுத்தினால் பிளீச்சிங் பவுடர் வாடை வரும், அது குளோரின். முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள்.)

பேட்டரி இல்லாமலேயே

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. நாம் பேட்டரியை வைத்துச் செம்பை அரித்தோம். சாக்கெட்டுக்குள் யார் பேட்டரி வைத்தது?

நான்கு கண்ணாடி கிளாஸ்களில் கடல்நீரை ஊற்றினோம். ஒவ்வொன்றிலும் துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. ஆணி ஒன்று, உறை உரித்துச் சுருட்டிய செம்பு வயர் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு கிளாஸில் முக்கால் வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. உள்ளே பேட்டரி என்று ஒன்றும் இல்லை. ஆணி, வயர், கடல்நீர், அவ்வளவுதான். செம்பைவிடத் துத்தநாகம் எளிதாக எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும் இயல்புடையது. கம்பி வழியே அவை செம்புக்குப் போகின்றன. அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. அயனிகள் தண்ணீருக்குள் நகர்ந்து சுற்றை மூடுகின்றன. இதற்கு விலையாகத் துத்தநாகம் கரைகிறது.

ஒரு கிளாஸின் செம்பை அடுத்த கிளாஸின் ஆணியோடு கோத்து நான்கையும் தொடராக்கினால் 3 வோல்ட் அருகில் வந்தது. சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் அளவு போதும். முதலில் எரியவில்லை. எல்.இ.டி. ஒருவழிப் பாதை, கால்களை மாற்றிப் போட்டதும் எரிந்தது. மங்கல்தான், அறை விளக்கை அணைத்தால்தான் தெரிந்தது. ஆனால் அந்த மங்கல் வெளிச்சத்துக்குப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செம்பை இன்னும் நீளமாக எடுத்து நெருக்கமாகச் சுருட்டினால் வெளிச்சம் கூடியது. ஆனால் வோல்ட் கூடவில்லை. மின்னழுத்தமும் மின்னோட்டமும் வேறு வேறு என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை. மருமகன் தானாக ஒரு யோசனை செய்தான்: நான்கு கிளாஸ் எதற்கு, நான்கு ஜோடியையும் ஒரே சட்டியில் போட்டுவிடலாமே? போட்டான். விளக்கு அணைந்தது. மீட்டர் ஒரு கிளாஸின் அளவுக்கே இறங்கிவிட்டது. பொதுவான தண்ணீரே எல்லாவற்றையும் உள்ளுக்குள் இணைத்துக் குறுக்குச் சுற்றாக்கிவிட்டது. தோற்றுப்போன அந்த யோசனைதான் அன்றைய சிறந்த பாடம். இத்தாலியின் அலெஸாண்ட்ரோ வோல்டா 1800-இல் உலகின் முதல் பேட்டரியை அறிவித்தபோது, உலோகத் தகடுகளுக்கு நடுவே உப்பு நீரில் நனைத்த அட்டைகளை வைத்து அடுக்கியதற்கும் இதுவே காரணம்: ஈரம் வேண்டும், ஆனால் அடுக்குக்கு அடுக்கு வழிந்து ஒன்று சேரக் கூடாது.

மைக்கேல் ஃபாரடே இதே வேலையைச் செய்தபோது அவருக்கு வயது 20. ஏழைக் கொல்லரின் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். 1812 ஜூலையில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஏழு செம்புக் காசுகளையும் ஏழு துத்தநாக வில்லைகளையும் உப்பு நீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகளையும் அடுக்கி, பேதி உப்புக் கரைசலைப் பிரித்துப் பார்த்ததைச் சொல்கிறார். மின் மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் வழி திறந்த மனிதரின் தொடக்கம் இது. நம் பிள்ளைகள் காசு வைத்துச் செய்ய நினைத்தால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகு, செம்பின் இடத்துக்கு அவை சரிவராது.

வோல்டா தன் கருவிக்கு வைத்த பெயர் நம் கடற்கரைக்குப் பொருத்தமானது. செயற்கை மின்னுறுப்பு என்றார். எந்த உறுப்பின் நகல்? தொட்டால் கையை மரக்கச் செய்யும் மின் திருக்கையின் உறுப்பு. வோல்டாவுக்கு 600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் தங்கியிருந்த பக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, தொட்டவரை நடுங்கவைக்கும் நைல் நதி மீனைப் பற்றித் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். அரபியில் அதன் பெயர் ‘ரஅஆத்’. திருக்குர்ஆனின் 13-ஆவது அத்தியாயத்தின் பெயரான ‘அர்ரஃது’, அதாவது இடி, இதே வேர்ச்சொல்லிலிருந்து வந்ததுதான். அவருடைய நூலின் அரபித் தலைப்பில் ‘இஃதிபார்’ என்றொரு சொல் வருகிறது. அவருக்கும் முந்தைய இப்னுல் ஹைதம் (பிறப்பு 965, பஸரா) ஒளியைப் பற்றிய தன் ஆய்வில், செய்து பார்த்துச் சரிபார்ப்பதற்கு வைத்த பெயரும் அதே இஃதிபார். மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு ‘இப்ரத்’, படிப்பினை என்ற சொல் தெரிந்திருக்கும். அதன் வேரும் இதுவே. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்காமல், இருட்டறையில் துளையிட்டு ஒளியை வரவழைத்துப் பார்த்தவர் அவர். நம் மேடைகளில் அவருடைய பெயரைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஸ்க்ரூ டிரைவரைத் தொட்ட பிள்ளையைத் திட்டுகிறோம்.

சாக்கெட்டுக்குள் இருந்த பேட்டரி

இப்போது பிளக்குக்குத் திரும்புவோம். பிளக் பின் பித்தளை. உள்ளே கவ்விப் பிடிக்கும் தகடு, ஸ்பிரிங், ஸ்க்ரூ எல்லாம் வேறு வேறு உலோகங்கள். கடற்காற்று கொண்டுவந்த உப்புத் தூசி இடுக்கில் படிகிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானாக நசநசப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம். நம் கிளாஸில் இருந்த அதே மின்கலம். அயர்ன் பாக்ஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது இரவு பகலாக வேலை செய்து உலோகத்தைத் தின்கிறது. மின்கம்பத்திலிருந்து வரும் அலுமினியக் கம்பியை வீட்டுச் செம்பு வயரோடு சும்மா முறுக்கிவிட்ட இடங்களிலும் இதே கதைதான். அங்கே கரைவது அலுமினியம்.

அரித்த இடத்தில் படியும் பச்சையும் வெள்ளையும் மின்சாரத்தை எளிதில் விடாது. அண்ணாச்சி கழற்றிப் போட்ட பழைய பின்னை டார்ச் பல்புச் சுற்றின் நடுவே வைத்துப் பார்த்தோம்: பல்பு மங்கியது. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து மீண்டும் வைத்தோம்: பிரகாசம் திரும்பியது.

கணக்கு போடுங்கள் என்று மருமகனிடம் நோட்டைக் கொடுத்தேன். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 4.3 ஆம்பியர். பச்சை பூத்த தொடுமுனையின் மின்தடை வெறும் 1 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், அங்கே உண்டாகும் வெப்பம் 4.3 பெருக்கல் 4.3 பெருக்கல் 1, அதாவது 18 வாட்டுக்கு மேல். சாலிடரிங் அயன் 25 வாட். ஏறக்குறைய ஒரு சாலிடரிங் அயனைச் சாக்கெட்டுக்குள் சொருகி வைத்தது போலத்தான்! பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? மருமகன் விடையை எழுதிவிட்டு, சுவரிலிருந்த கரும்புள்ளியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஆகவே 9 வாட் எல்.இ.டி. பல்பு எரியும் சாக்கெட் பச்சை பூத்திருந்தாலும் காட்டிக்கொடுக்காது. அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர், ஏ.சி. இவைதான் காட்டிக்கொடுக்கும். இந்தப் பிளக்குகளைப் பயன்படுத்தியதும் ஸ்விட்சை அணைத்து, கழற்றி, பின் சுடுகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. சாக்கெட்டைக் கழற்றும் வேலை அவருடையது, பிள்ளைகளுடையது அல்ல.

இந்த அரிப்பைப் படிப்பதற்கென்றே நம் மாநிலத்தில் ஒரு தேசிய நிறுவனம் இருப்பது பலருக்குத் தெரியாது. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் எழுந்தது. கடல் அரிப்பை ஆய்வதற்காக அதற்கு மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் மையங்கள் இருக்கின்றன. தூத்துக்குடியில் எந்த இரும்பும் நெடுநாள் நிற்காது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு அதுவே ஆய்வுக்கூடம்.

மணப்பாட்டுப் படகுக்காரர்கள் இந்த அறிவை வேறு வழியில் வைத்திருக்கிறார்கள். படகின் அவுட்போர்டு எஞ்சினில் கடல்நீருக்குள் இருக்கும் பகுதியில் ஒரு துத்தநாகத் துண்டு பொருத்தியிருக்கும். எஞ்சினின் உலோகத்துக்குப் பதிலாக அது கரைந்து தீரும். பிறகு புதிது மாட்டுவார்கள். நம் கிளாஸில் கரைந்த ஆணியின் வேலைதான். இதன் மூத்த கதை 1824-இல் நடந்தது. ஃபாரடேயின் குருவான ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். சோதித்த கப்பல்களில் ஒன்றான சமரங் நம் பக்கத்துக் கொச்சியில் கட்டப்பட்டது. செம்பு கரையாமல் நின்றது, திட்டம் வெற்றி. ஆனால் செம்பு கரைந்தால்தான் அதன் நஞ்சில் சிப்பியும் பாசியும் ஒட்டாது! கரையாத செம்பில் அவை குடியேறி, கப்பல்களின் வேகம் குறைந்து, கடற்படை அந்த ஏற்பாட்டையே கைவிட்டது. சோதனை என்றால் இப்படியும் நடக்கும்.

ஈரக் கையின் கணக்கு

கடைசியாகச் செய்தது கொஞ்சம் மெய்சிலிர்க்க வைத்தது. மல்டிமீட்டரை ஓம் அளவுக்கு வைத்து, இரண்டு முனைகளையும் இரு கை விரல்களால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். உலர்ந்த கையில் பல லட்சம் ஓம் காட்டியது. விரல்களைக் கடல்நீரில் நனைத்துப் பிடித்ததும் எண் மளமளவென்று இறங்கியது. மீட்டரின் சின்னஞ்சிறு பேட்டரியில் இது ஆபத்தில்லாதது. ஆனால் 230 வோல்ட் உடலில் பாயும்போது தோலின் தடுப்பே உடைந்துவிடும். ஈர உடலின் தடையை ஏறக்குறைய 1,000 ஓம் என்று கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிர் காக்க நம் வீடுகளில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஏழு மடங்குக்கும் மேல். கடலில் குளித்த ஈரத்தோடு வந்து ஸ்விட்சைத் தொடாதே என்று உம்மும்மா காலத்திலிருந்து சொல்கிறோம். அன்றுதான் அதற்கு ஓர் எண் கிடைத்தது.

ஆர்.சி.சி.பி. வேலை செய்வதும் சுற்று என்ற அந்த முதல் பாடத்தால்தான். போன மின்னோட்டம் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. குறைந்தால், வேறு யார் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள், உடனே அணைத்துவிடும். ‘டெஸ்ட்’ என்ற பட்டன் அதில் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அணையாவிட்டால் மாற்ற வேண்டும்.

எர்த் குழியையும் விட்டுவிடக் கூடாது. நம் பகுதியின் மணல் தரை கோடையில் காய்ந்துவிட்டால் மின்சாரத்தை ஏற்காது. அதனால்தான் குழியில் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். எங்கள் முதல் கிளாஸில் மழைத் தண்ணீருக்கும் கடல்நீருக்கும் இருந்த வித்தியாசம்தான் இது. அதே உப்பு ஜி.ஐ. குழாயின் துத்தநாகத்தையும் மெல்லத் தின்னும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எலக்ட்ரீசியனை விட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்வது அவசியம்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2022 நவம்பர் 28 முதல் வானவில் மன்றம் என்ற திட்டம் நடக்கிறது. கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களோடு பள்ளிக்கே வந்து செய்து காட்டி, செய்யவும் வைக்கிறார்கள். நல்ல முயற்சி. மெட்ரிக் பள்ளிகளில் பணம் கட்டிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அந்தப் பள்ளி நிர்வாகங்களிடம் நாம் கேட்கலாம். நம் மஹல்லா ஜமாஅத்துகளும் நற்பணி மன்றங்களும் கோடை விடுமுறையில் தீனிய்யாத் வகுப்புகள் நடத்துகின்றன. அதில் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கினால் ஆகும் செலவு மிகக் குறைவு. எங்கள் வீட்டில் ஆன செலவில் மல்டிமீட்டர்தான் பெரியது, அது சில நூறு ரூபாய். ஒரு வேண்டுகோள்: அந்த வகுப்பைப் பையன்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிடாதீர்கள். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் நம் வீடுகளில் மிக்ஸியும் மோட்டாரும் அயர்ன் பாக்ஸும் ஓடுவது பெண்களின் கையில். மெயின் ஸ்விட்ச் எங்கே என்று முதலில் தெரிய வேண்டியது அவர்களுக்குத்தான்.

தங்கை வீட்டு ஜன்னலில் அந்த நான்கு கிளாஸ்களும் ஒரு வாரம் இருந்தன. தினமும் மக்ரிபுக்குப் பின் விளக்கை அணைத்து எல்.இ.டி.யைப் பார்ப்பது பிள்ளைகளின் வழக்கமாகிவிட்டது. நாளுக்கு நாள் மங்கியது. ஆணிகளில் முதலில் வெள்ளையாக மாவு போலப் பூத்தது. துத்தநாகம் தீர்ந்த ஓர் ஆணியில் செந்துரு தலைகாட்டியது. போன வெள்ளிக்கிழமை தங்கை போன் செய்தாள்.

“காக்கா, அடுத்த தடவை வரும்போது ஆணி வாங்கிட்டு வரணுமாம். மக சொல்லச் சொன்னா. மெயின் ஸ்விட்சுக்கு மேல பெரிய எழுத்துல பேர் எழுதி ஒட்டியும் வச்சிருக்கா.”